லாங்ஸ் பீக்: ஒரே நாளில் ஏறி இறங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் எனக்கு இரண்டு வகையான அழைப்புகள் வரும். விமான நிலையத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு வர முடியுமா என்பது ஒன்று. டென்வரிலிருந்து பார்த்தால் வடமேற்கில் தட்டைத் தலையோடு ஒரு மலை தெரிகிறதே, அதில் ஏறலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

நான் தொழில்முறை வழிகாட்டி அல்ல. இந்த மலைக்கு ஏழு முறை போயிருக்கிறேன். நான்கு முறை உச்சியைத் தொட்டேன், மூன்று முறை பாதியில் திரும்பினேன். கீழே இருப்பதெல்லாம் கோடையில், பனி உருகிப் பாறை காய்ந்த பிறகு, ‘கீஹோல்’ பாதை வழியாகப் போய்வருவதற்கு மட்டுமே பொருந்தும்.

மலை எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. உயரம் 14,259 அடி, அதாவது 4,346 மீட்டர். கொலராடோக்காரர்கள் பதினாலாயிரம் அடியைத் தாண்டிய மலைகளைத் தனிச் சாதியாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இந்தப் பூங்காவுக்குள் இருப்பது இது ஒன்றுதான்.

நடை தொடங்கும் இடமே 2,867 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். ஆனைமுடிக்கு மேலே வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்து ஏறத் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வரச் சுமார் 24 கிலோமீட்டர், செங்குத்துக் கணக்கில் சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். பத்து முதல் பதினைந்து மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரத்தில் முடித்தவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கமாட்டார்கள்.

இது நடையா, பாறையேற்றமா?

முதல் பத்து கிலோமீட்டர் நடை. அடுத்த இரண்டு கிலோமீட்டர் கையும் காலும் ஊன்றி ஏறுவது. இரண்டுக்கும் நடுவில் கதவு மாதிரி நிற்கிறது கீஹோல் என்னும் பாறைத் திறப்பு. தமிழில் சாவித்துவாரம்.

பூங்கா நிர்வாகமே இந்தப் பாதையை நடைபாதையாகக் கருத வேண்டாம், இது மலையேற்றம் என்று எச்சரிக்கிறது. ஆனால் வழிகாட்டிப் பலகையில் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்கிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை கண்ணில் படுவதில்லை. ‘ஒரு நாளில் முப்பது கிலோமீட்டர் நடந்திருக்கிறேன், இருபத்து நான்கு என்ன பெரிய விஷயம்’ என்று கேட்பார்கள். தூரத்தை வைத்து இந்த மலையை அளப்பது, குறுக்கெழுத்துப் புதிரைக் கட்டங்களின் எண்ணிக்கையை வைத்து அளப்பது போன்றது. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அமெரிக்காவில் பாதைகளை ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புப் பிரிக்கிறார்கள். ஒன்று சாதாரண நடை. ஐந்து, கயிறு கட்டி ஏறும் செங்குத்துப் பாறை. கீஹோல் பாதை காய்ந்திருக்கும்போது மூன்றாம் வகுப்பு. கைப்பிடியும் கால் வைக்க இடமும் தாராளமாக இருக்கும், கயிறு வேண்டியதில்லை, ஆனால் சில இடங்களில் வழுக்கினால் நிற்க வழியில்லை என்று இதற்குப் பொருள்.

எந்த மாதம் போகலாம்?

பெரும்பாலான ஆண்டுகளில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. அதற்கு முன்னும் பின்னும் பாறை இடுக்குகளில் பனி கிடக்கும். பனி இருந்தால் மூன்றாம் வகுப்பு என்ற பேச்சே இல்லை. பனிக்கோடரியும், காலணியில் மாட்டும் இரும்புப் பற்களும், அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமும் வேண்டும். ஆகஸ்டிலும் ஒரே இரவில் பனி கொட்டியதுண்டு. புறப்படுவதற்கு முந்தைய நாள் பூங்கா வெளியிடும் பாதை நிலவர அறிக்கையைப் பாருங்கள்.

நள்ளிரவில் புறப்பட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. விடிகாலை மூன்று மணிக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள் என்பதுதான் பொதுவான அறிவுரை. நான் இரண்டு மணிக்குத் தொடங்குவேன். என் வேகம் எனக்குத் தெரியும்.

காரணம் இடி. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தெற்கிலிருந்து ஈரக்காற்று கொலராடோவுக்குள் வருகிறது. காலை வெயில் மலைச்சரிவைச் சூடாக்கியதும் அந்த ஈரக்காற்று மேலே எழுந்து மேகமாகிறது. பத்து மணிக்குப் பஞ்சுபோல் சிறிதாக ஒரு மேகம். பதினொன்றுக்கு அதற்கு அடிப்பகுதி கறுத்துவிடும். மதியம் ஒரு மணிக்குள் இடிக்கத் தொடங்கும். தினமும் இப்படி என்று சொல்லமாட்டேன். இப்படி இல்லாத நாளைத்தான் அதிர்ஷ்டம் என்கிறோம். நண்பகலுக்கு முன் உச்சியை விட்டு இறங்கியிருந்தால் போதும் என்பது பலர் சொல்வது. உச்சியிலிருந்து இறங்கி கீஹோலுக்கே திரும்பி வந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இன்னொன்றைப் புதிதாக வருபவர்கள் கவனிப்பதில்லை. இங்கே வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. நீங்களோ கிழக்குப் பக்கமாகவும் வடக்குப் பக்கமாகவும் ஏறுகிறீர்கள். மலையே திரைபோல மேற்கு வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். ஐந்து மணி நேரம் நட்சத்திரத்தையும் நீலவானத்தையும் பார்த்துக்கொண்டே வந்து, கீஹோலில் தலையை நீட்டும்போதுதான் அந்தப் பக்கம் என்ன காத்திருக்கிறது என்பது தெரியும். என் மூன்று தோல்விகளில் ஒன்று அங்கே நடந்தது. காலை எட்டு மணி, என் முதுகுக்குப் பின்னால் பளீரென்று வெயில், முகத்துக்கு நேரே கரும்பலகை நிறத்தில் வானம். அதே வாசலில் நின்றுகொண்டு, ‘இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்’ என்று சொல்லி உள்ளே போனவர்களையும் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் ஆலங்கட்டி விழுந்தது.

இதே பூங்காவில் 2014 ஜூலையில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இருவர் மின்னல் தாக்கி இறந்தார்கள். அவர்கள் உச்சி ஏறப் போனவர்கள்கூட இல்லை. மலைமேல் செல்லும் தார்ச்சாலையை ஒட்டிய இடங்களில் இருந்தவர்கள். மரங்கள் வளர்வது நின்றுபோகும் மர எல்லைக்கு மேலே நீங்கள் நின்றால், அந்த வட்டாரத்தில் நீங்கள்தான் உயரமான பொருள்.

உயரம் உடம்பை என்ன செய்யும்? நான் கடலோர ஊரிலிருந்து வருகிறேன்.

உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது விழுக்காடுதான். ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். உடற்பயிற்சிக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. மாரத்தான் ஓடுபவருக்குத் தலைவலி வந்து, பக்கத்தில் தொப்பையோடு வந்தவர் சாதாரணமாக நடப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே ஏறாதீர்கள். டென்வரில் (1,609 மீட்டர்) இரண்டு நாள், பூங்காவை ஒட்டிய ஊரான எஸ்டெஸ் பார்க்கில் (சுமார் 2,300 மீட்டர்) ஓரிரண்டு நாள் தங்கி, நடுவில் மூவாயிரத்தைத் தாண்டும் ஒரு சின்ன நடை போய்வந்து, அதன் பிறகு ஏறுங்கள். உயர நோய்க்கு முன்கூட்டியே போடும் மாத்திரை உண்டு. அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும், என்னிடம் கேட்டு அல்ல.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் இவை முதல் அறிகுறிகள். இவற்றோடு மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, ஓய்வாக உட்கார்ந்தும் மூச்சு அடங்காவிட்டாலோ அது உயிருக்கே ஆபத்து, உடனே இறங்க வேண்டும். இறங்குவதுதான் மருந்து.

ஒரு சம்பவம். நண்பரின் மைத்துனர், வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, நல்ல உடல்வாகு. கீஹோலுக்குக் கீழே போல்டர் ஃபீல்டு என்னும் பாறை மைதானத்தில், கிட்டத்தட்ட 3,900 மீட்டரில், கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். இடது கையுறையை வலது கையில் மாட்டினார். கழற்றினார். மறுபடியும் அதே கையுறையை அதே கையில் மாட்டினார். கட்டைவிரலுக்கான உறை சுண்டுவிரல் பக்கம் தொங்கியது. அதை உற்றுப் பார்த்தார், ஆனால் என்ன தவறு என்று அவருக்குப் பிடிபடவில்லை. ‘தலை வலிக்கிறதா?’ என்றேன். ‘நன்றாகத்தான் இருக்கிறேன் சார், போகலாம்’ என்றார். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே பதில், அதே தொனி. நான் அவருடைய முதுகுப்பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு கீழே நடந்தேன், அவர் பின்னால் வந்தார். மரங்கள் தென்பட்ட இடத்தில், ‘அந்த எலுமிச்சை சாதம் இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அது என் இரண்டாவது தோல்வி. அவர் இன்றுவரை தனக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் பயம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாதை எப்படி இருக்கும்? ஒவ்வொரு கட்டமாகச் சொல்ல முடியுமா?

தொடக்கத்தில் பைன் காடு. இருட்டில் நெற்றிவிளக்கின் வட்டத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது, ஓடைச் சத்தம் மட்டும் கூடவே வரும். சுமார் 3,400 மீட்டரில் மரங்கள் குட்டையாகி, காற்றுக்கு முதுகைக் காட்டி வளைந்து, பிறகு இல்லாமலே போய்விடும். திரும்பிப் பார்த்தால் கீழே மற்றவர்களின் விளக்குகள் வளைந்து வளைந்து வரும். தேர்த்திருவிழா முடிந்து ஊர் திரும்பும் கூட்டம் போல இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே அந்த நேரத்தில் எழலாம்.

கேஸம் ஏரிக்குப் பிரியும் சந்திப்பு வரும். நேரே போனால் கிரானைட் கணவாய், அங்கிருந்து போல்டர் ஃபீல்டு. கார் அளவு, பெட்டி அளவு, அலமாரி அளவு என்று பாறைகளைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் போனது போன்ற ஒரு மைதானம். பாறைக்குப் பாறை தாவ வேண்டும், சில ஆடும். இங்கேதான் பொதுவாக விடியும். கிழக்கே சமவெளி சிவக்கும்போது மலையின் வடமுகம் முழுக்கச் செம்புத் தகடு போலாகிவிடும்.

கீஹோல் கணவாய் 4,000 மீட்டரைத் தாண்டியது. அதைக் கடந்து மேற்குப் பக்கம் கால் வைத்ததும் காற்று அறையும், வெயில் போய்விடும், கீழே பள்ளத்தாக்கு வாயைப் பிளந்துகொண்டிருக்கும். பலரும் இங்கே உட்கார்ந்துவிடுகிறார்கள். அதில் தவறே இல்லை. இங்கிருந்து பாறைகளில் வரைந்திருக்கும் மஞ்சள்–சிவப்பு வட்டக் குறிகள்தான் வழி. ஒரு குறியில் நின்று அடுத்த குறியைக் கண்ணால் பார்த்த பிறகே நகருங்கள்.

அடுத்தது லெட்ஜஸ். மலையின் விலாவில் கிடைமட்டமாக ஓடும் பாறைத் திட்டுகள். ஒரு குறுகிய இடத்தில் பாறையில் இரும்புக் கம்பிகள் அறைந்திருக்கும், அதைப் பிடித்து ஏற வேண்டும். சிரமப்பட்டு ஏறிய உயரத்தில் ஒரு பகுதியைத் திரும்ப இறங்கவும் வேண்டியிருக்கும். அந்த இடத்தில் எல்லோரும் முணுமுணுப்பார்கள்.

அதன் பிறகு ட்ரஃப். அகலமான, நெடிய பாறைச் சாய்கால். சுமார் இருநூறு மீட்டர் ஏற்றம், சரளையும் கல்லும் காலடியில் சரியும். மேலே போகிறவர் உதைக்கும் கல் கீழே வருகிறவரின் தலைக்குத்தான். கல் உருண்டால் ‘ராக்!’ என்று கத்துவது இங்கே வழக்கம், மொழி எதுவானாலும் அந்த ஒரு சொல்லைக் கத்துங்கள். சாய்காலின் உச்சியில் வாயை அடைத்தாற்போல் ஒரு பாறை உட்கார்ந்திருக்கும். முழுப் பாதையிலும் கடினமான ஒரே அசைவு அதைத் தாண்டுவதுதான். நான் இடது பக்கம் முயன்று, நெளிந்து, இறங்கி, மறுபக்கம் முயன்று, கடைசியில் பின்னால் வந்த ஒரு பாட்டி ‘உங்கள் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு படி இருக்கிறது’ என்று காட்டிய பிறகு ஏறினேன். எழுபது வயதுக்குக் குறையாது அவருக்கு.

அதைத் தாண்டினால் நேரோஸ். தெற்குமுகத்தில் ஒரு நடைமேடை, சில இடங்களில் ஓர் ஆள் அகலம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் வெளி. கடைசியாக ஹோம்ஸ்ட்ரெச், சாய்த்து வைத்த வழவழப்பான கிரானைட் பலகைகள். பாறை வெடிப்புகளில் விரலையும் காலணி நுனியையும் செருகிக்கொண்டு ஏறினால், திடீரென்று மேலே ஏற எதுவும் மிச்சம் இருக்காது.

உச்சியில் என்ன இருக்கிறது?

கால்பந்து ஆடலாம் என்னும் அளவுக்குத் தட்டையான கல்வெளி. பதினைந்து நிமிடம் இருங்கள். சாப்பிடுங்கள். பாதி வழி வந்திருக்கிறீர்கள்.

எந்த இடம் மிகவும் பயமாக இருக்கும்?

படங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் நேரோஸைக் கேட்கிறார்கள். அங்கே காலுக்குத் தரை உறுதியாக இருக்கிறது, பார்வைதான் பயமுறுத்தும். நான் பயப்படுவது இறங்கும்போது ஹோம்ஸ்ட்ரெச்சுக்கு. களைத்த தொடை, ஆயிரம் காலணிகள் தேய்த்து மெழுகிய பாறை, மேலிருந்து பார்த்தால் கால் வைக்குமிடம் தெரியாது. முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டோ, உட்கார்ந்து நகர்ந்தோ இறங்குங்கள். கால்சட்டை கிழியும், கிழியட்டும். ஒரு சாரல் விழுந்தால் அந்தப் பலகைகள் சோப்புத் தேய்த்த குளியலறைத் தரைதான்.

இன்னொரு பொறி: ட்ரஃப் வழியாக இறங்குகிறவர்கள், லெட்ஜஸுக்குத் திரும்பும் இடத்தைக் கவனிக்காமல் நேரே கீழே போய்விடுகிறார்கள். சாய்கால் கீழே கீழே இழுத்துக்கொண்டே போகும், அது தவறான பள்ளத்தாக்கு. ஏறும்போதே அந்த இடத்தில் நின்று, ஒருமுறை திரும்பி, இறங்கும்போது எப்படித் தெரியும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு வேண்டுமா?

காய்ந்த கோடை நாளில் வேண்டாம். கயிறு இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். ஹெல்மெட் கட்டாயம்.

கீஹோல் பக்கத்தில் ஒரு கல்வீடு இருக்கிறதே, அது என்ன?

தேன்கூடு போன்ற வடிவில் ஒரு சின்னக் கல் குடில். 1927-இல் கட்டியது. ஆக்னெஸ் வெய்ல் என்ற டென்வர் பெண்மணியின் நினைவாக.

அவர் நல்ல மலையேறி. 1925 ஜனவரியில் வால்டர் கீனர் என்பவருடன் சேர்ந்து, அதுவரை யாரும் குளிர்காலத்தில் ஏறியிராத கிழக்குமுகத்தில் ஏறினார். இரவெல்லாம் ஏறி உச்சியையும் தொட்டுவிட்டார்கள். இறங்கும்போது வடமுகத்தில் அவர் வழுக்கி விழுந்தார். பெரிய காயம் இல்லை, ஆனால் நடக்கத் தெம்பு இல்லை. கீனர் உதவி தேடிக் கீழே ஓடி, ஆட்களோடு திரும்பி வருவதற்குள் அவர் குளிரில் விறைத்து இறந்துவிட்டார். மீட்கப் போனவர்களில் ஹெர்பர்ட் சார்ட்லண்ட் என்பவரும் புயலில் வழி தவறி மாண்டார். கீனர் பிழைத்தார், விரல்கள் பலவற்றை இழந்து.

அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1884 செப்டம்பரில், கேரி வெல்டன் என்ற பெண்மணி உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில், இதே கீஹோல் பக்கத்தில் களைப்பிலும் குளிரிலும் இறந்தார். இருவரும் உச்சியை அடைந்தவர்கள், இருவருக்கும் முடிவு இறக்கத்தில்தான். உச்சியில் பாதி வழி என்று நான் சொன்னது இதனால்தான்.

குடிலுக்குள் நின்று காற்றிலிருந்து தப்பலாம். மின்னலிலிருந்து தப்ப முடியாது. இடி இடிக்கும்போது அதற்குள் ஒதுங்குவது பாதுகாப்பு ஆகாது.

இந்த மலையில் முதலில் ஏறியவர் யார்? பெயர் யாருடையது?

பெயர் மேஜர் ஸ்டீஃபன் லாங் என்பவருடையது. 1820-இல் சமவெளிப் பயணத்தில் தூரத்திலிருந்து பார்த்தார். ஏறவில்லை. பெயர் மட்டும் ஏறிவிட்டது.

பதிவான முதல் ஏற்றம் 1868 ஆகஸ்டு 23. ஜான் வெஸ்லி பவலின் குழு, தெற்குப் பக்கமாக ஏறியது. பவலுக்கு ஒரு கை கிடையாது, உள்நாட்டுப் போரில் ஷைலோ சண்டையில் இழந்திருந்தார். இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நாம் திணறும் மலை இது. 1873-இல் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பயணி, ஒற்றைக்கண் வேட்டைக்காரர் ஒருவர் இழுத்துவிட ஏறினார்.

ஆனால் ‘முதல்’ என்ற சொல்லை நான் நம்புவதில்லை. இந்தப் பகுதி அரப்பஹோ மக்களின் வேட்டைக்காடு. 1914-இல் அவர்களுடைய முதியவர்களை இங்கே அழைத்துவந்து பழைய இடப்பெயர்களைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அப்போது, தங்கள் முன்னோர் ஒருவர் இந்த உச்சியில் குழி தோண்டிப் பதுங்கிக் கழுகு பிடித்த கதையை அவர்கள் சொன்னார்கள். லாங்ஸ் பீக்கையும் பக்கத்தில் உள்ள மீக்கர் மலையையும் சேர்த்து அவர்கள் வைத்த பெயருக்கு ‘இரு வழிகாட்டிகள்’ என்று பொருள். தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போன மேஜரின் பெயரைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர், அல்லது ஓடை நீரை வடிகட்டும் கருவி. நெற்றிவிளக்கும் மாற்று பேட்டரியும். மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுத் தடுப்பு மேலாடை. ஆகஸ்டு மாதமாயிற்றே என்று நினைக்காதீர்கள், கீஹோலில் விடியற்காலை உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் காலணி. வெயிலுக்குக் களிம்பு, கறுப்புக் கண்ணாடி. கைப்பேசியை மட்டும் நம்பாமல் காகித வரைபடம்.

ஊன்றுகோல்கள் போல்டர் ஃபீல்டு வரை நல்ல துணை. அதற்கு மேல் இடைஞ்சல். பலர் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள். அங்கே மார்மட் என்ற கொழுத்த மலை அணில் உண்டு, வியர்வை உப்புக்கு உயிரை விடும். நானும் ஒருமுறை அப்படி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கைப்பிடித் தக்கையில் பாதி இல்லை. கடித்தவர் இரண்டடி தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து, மீதியை எப்போது தருவாய் என்பது போலப் பார்த்தார். அவருக்கு எதுவும் ஊட்டாதீர்கள், அது பூங்காவில் குற்றம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, உயரத்தில் பசி எடுக்காது. ஆனாலும் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் போட வேண்டும். எலுமிச்சை சாதம் இருட்டில் கல்போல் விறைத்துவிடும், இறங்கும்போது சாப்பிட வையுங்கள். ஏறும்போது கடலை மிட்டாயும் பேரீச்சையும்.

கழிப்பறை?

கேஸம் ஏரிச் சந்திப்பிலும் போல்டர் ஃபீல்டிலும் உண்டு. அதற்கு மேல் இல்லை. கழிவுப்பை எடுத்துச் சென்று, அதைக் கீழே கொண்டு வாருங்கள்.

அனுமதிச் சீட்டு வேண்டுமா? வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா?

ஒரே நாளில் போய்வருவதற்குத் தனி மலையேற்ற அனுமதி கிடையாது. பூங்கா நுழைவுக்கான விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் நிறுத்துமிடம் விடியுமுன்பே நிரம்பிவிடும். அதனாலும் இரண்டு மணிக்கு வருவது நல்லது. போல்டர் ஃபீல்டில் கூடாரம் போட்டு இரண்டு நாளாகப் பிரிக்கலாம், அதற்கு முன்பதிவும் அனுமதியும் வேண்டும்.

நாயை அழைத்து வரலாமா?

கூடாது. பூங்காவின் எந்த நடைபாதையிலும் நாய்க்கு அனுமதியில்லை.

எப்போது திரும்ப வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

மலைமேல் முடிவு செய்யாதீர்கள். வண்டி நிறுத்துமிடத்தில், கால் வலிக்காத நேரத்தில், எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உயரத்தில் மூளை வக்கீலாகிவிடும். எந்தக் கருத்துக்கும் வாதம் கண்டுபிடிக்கும்.

எங்கள் குழுவின் ஒப்பந்தம் இது: எட்டு மணிக்குள் கீஹோலைத் தொடாவிட்டால் திரும்புவோம். மேற்கில் மேகம் உயரமாக எழும்பினால் திரும்புவோம். பாறை ஈரமாக இருந்தால் திரும்புவோம். குழுவில் ஒருவர் ‘எனக்குப் போதும்’ என்றால், ஏன் என்று கேட்காமல் அவரோடு ஒருவராவது இறங்குவோம். தனியாக யாரையும் இறக்கி அனுப்பக்கூடாது.

என் மூன்றாவது தோல்வி ஈரப் பாறை. இரவு தூறியிருந்தது, லெட்ஜஸில் நிழல் விழுந்த இடங்களில் கண்ணாடித்தாள் போல மெல்லிய பனிக்கட்டி. விரலால் தட்டினால் ‘டிக்’ என்று சத்தம் வந்தது. வானம் நீலம், நேரம் ஏழு, உச்சி தலைக்கு மேல். அன்று திரும்பியதுதான் மூன்றிலும் கடினம். மிரட்ட மேகம்கூட இல்லை.

உச்சி வேண்டாம், ஆனால் அந்த மலையைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். வழி உண்டா?

கேஸம் ஏரி. போய்வரச் சுமார் பதின்மூன்றரை கிலோமீட்டர், ஏரி 3,597 மீட்டரில். கடைசியில் சிறிது தூரம் மட்டும் கை ஊன்றி ஏற வேண்டும். ஏரியின் மறுகரையிலிருந்து கிழக்குமுகம் ஒரே செங்குத்தாக எழும். உச்சியில் நின்றால் காலடியில் இருப்பதால் அது தெரியாது. மலையின் அழகு பார்க்க வேண்டுமென்றால் இதுதான் இடம். என் அம்மா வந்திருந்தபோது மர எல்லை வரை அழைத்துப் போனேன். ‘இதற்கு மேல் என்ன இருக்கிறது?’ என்று கேட்டார். ‘கல்’ என்றேன். ‘அப்படியானால் இங்கேயே உட்காரலாம்’ என்று ஃபிளாஸ்கைத் திறந்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போக முடியுமா?

லிஃப்ட் உள்ள அலுவலகம் என்றால் போகலாம்.